பலகைச் சத்தம்

செங்காட்டூரணி மைதானத்தின் கிழக்குக் கோலில் பந்து பட்ட சத்தம், பந்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் போகாமல் அங்கேயே இருந்துவிட்டது. ஹாக்கிக் கோலின் பின்புறம் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருப்பார்கள். பந்து அதில் மோதினால் டொப் என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் ஊரில் கண் தெரியாதவர்களும் கோல் விழுந்ததை அறிந்து எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு அது கடைசி நிமிடத்தில் ஒரு முறை கேட்டது, தோற்றோம், டிவிக்காரர்கள் வயர்களைச் சுருட்டினார்கள், விளையாடியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார்கள், கேட்டைப் பூட்டிவிட்டுக் காவலாளி பத்தடி நடந்தபோது ஆளில்லாத கோலிலிருந்து மறுபடியும் டொப் என்றது. ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும் நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு அதே நேரக் கணக்கில் நிற்காமல்.

மைதானத்தின் வேலியோரத்தில் கேட்ட அளவுக்கே அது ஊரின் கடைசித் தெருவிலும் கேட்டது. விடிந்ததும் ஜனங்கள் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் ஒரு டொப்புக்கும் அடுத்த டொப்புக்கும் இடையில் இத்தனை பெட்டி என்று கைவேகத்தைச் சரிபார்த்தார்கள், பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் மூன்று சத்தத்துக்கு ஒரு வண்டி என்று விசில் ஊதினார்கள், பிரசவம் பார்க்கிற நர்சம்மா வலியின் இடைவெளியை அதை வைத்தே கேட்டுக் குறித்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், சத்தம் எப்படி வருகிறது என்று பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு முறை அது தானாகக் கேட்டதும் செருப்பை விட்டுவிட்டுப் போனார். எப்படி வருகிறது என்பது எங்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. யாரால் வந்தது என்பதுதான் எல்லாருடைய வாயிலும் இருந்தது.

அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் பெயர் இருளப்பன். நோட்டீஸ் இருளப்பன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் தீப்பெட்டித் தொழிலாளிக்காக நோட்டீஸ் போட்டவன், பள்ளிக்கூடம் போகாமல் சங்க நோட்டீஸைப் படித்தே எழுத்துக் கூட்டியவன், ஆறு முறை உள்ளே போனவன். இந்த ஊரில் யார் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வானிலை மாதிரி முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்தத் திறமைதான் இந்தக் கதையில் கெடுதல் செய்தது.

எங்கள் அணிக்குக் கிளியாஞ்சட்டி அணி என்று பெயர். அகல் விளக்குப் படம் போட்ட கிளியாஞ்சட்டி மார்க் தீப்பெட்டிக் கம்பெனியின் முதலாளி தனுஷ்கோடி, சம்பளத்துக்கு ஆள் எடுத்து, எட்டு ஊர் அணிகள் மோதும் போட்டியில் அதை இறக்கியிருந்தார். மண் மைதானத்தைத் தோண்டிவிட்டு நீல நிறச் செயற்கைப் புல்லை விரித்தார். அந்தப் புல் பச்சைப் பிள்ளையைவிட மோசம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மூன்று லாரித் தண்ணீரைக் குடித்தால்தான் பந்து அதன்மேல் ஒழுங்காக உருளும், காய்ந்திருந்தால் பந்து தவளை மாதிரி தாவும். ஊருக்குக் குடிதண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை. ஊருக்கு வரும் ஊற்றும் புல்லுக்குப் போகும் ஊற்றும் ஒன்றுதான், ஊரணிக்கரை ஆழ்துளைக் கிணறு.

ஆகையால் அன்றைக்கு, ஆட்டம் நான்கு மணிக்கு என்றால், இரண்டு மணிக்கே நானும் முந்நூறு பெண்களும் ஊரணிச் சாலையில் குடங்களோடு உட்கார்ந்து மூன்று லாரிகளையும் மறித்தோம். ஒரு லாரியைத் திறந்து குடங்களை நிரப்பிக்கொண்டோம், மற்ற இரண்டையும் ஆட்டம் தொடங்கும் வரை நகரவிடவில்லை. அதில் தப்பு இருந்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நடுவர்கள் அரைமணி நேரம் காத்திருந்தார்கள். கோல்கீப்பர் சீனிராஜ், புல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் வருகிற வரைக்கும் ஆட வேண்டாம் என்று பயிற்சியாளர் பெலிக்ஸ் மாஸ்டரிடம் சொன்னான், மாஸ்டர் போய் முதலாளியிடம் சொன்னார், முதலாளி டிவிக்காரர்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆடுங்கள் என்றார். கடைசி நிமிடத்தில் எதிர் அணிக்குப் பெனால்டி கார்னர். தரையோடு உருண்டு வரவேண்டிய பந்து காய்ந்த புல்லில் ஒரு சாண் எழும்பி, நீட்டிய சீனிராஜின் கால் பேடைத் தாண்டிப் போய் இறங்கியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். மறியலை முடித்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் முதலாளியின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்தது. குடம் தூக்கியவர்கள்தான் அணியைத் தோற்கடித்தார்கள் என்றது. எங்கள் ஊர் ஆண்களுக்கு ஹாக்கி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெண் பார்க்க வருகிறவனிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்கிற ஊர் இது. எட்டு மணிக்குள் டீக்கடைகளில் பேச்சு மாறிவிட்டது. ஒன்பது மணிக்கு, மறியலில் முன்னால் நின்ற சுப்புத்தாயின் நிறை குடத்தை அவளுடைய கொழுந்தனே, தண்ணீர் முறை வந்திருந்த குழாயடியில் காலால் எட்டி உதைத்தான். சத்தம் பிறக்கிற இடம் மைதானத்திலிருந்து புறப்பட்டு ஊரணிச் சாலையில் பாதி தூரம் வந்துவிட்டது என்று கறிக்கடைக்காரர்கள் சொன்னார்கள். ஆக, சத்தம் ஊருடைய வாய் காட்டும் பக்கம் நடக்கும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சங்க ஆபீசில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் நோட்டீஸ் எழுதினேன். கோல் காத்தவன் விழித்திருந்தானா என்று தலைப்பு. நான் எதையும் அடித்துச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டேன், கேள்விக்கு வழக்குப் போட முடியாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். பதினோரு மணிக்கு ஆயிரம் பிரதி தெருவில் இருந்தது. முந்நூறு குடங்களைக் காப்பாற்ற ஒரு ஆளைக் கொடுப்பது நஷ்டமில்லை என்று மனதில் ஒரு தராசு போட்டேன். அந்த மாதிரி தராசை முதலாளிகள் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அதுவரைக்கும் மேடைமேடையாகச் சொல்லிவந்தேன்.

மத்தியானம், சாலையில் நின்ற சத்தம் திரும்பியது. சந்தை வழியாக, ரேஷன் கடை வரிசையை ஒட்டி, பள்ளிவாசல் மதில் ஓரமாக, அவசரமில்லாமல் ஒரு தெருவுக்கு ஒரு டொப் என்று நடந்து போய், பூசாரித் தெருவில் சீனிராஜின் வாடகை வீட்டுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் ஊரில் வேறெங்கும் அது கேட்கவில்லை. அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டினால் மட்டும் கேட்டது, தொட்டில் கட்டியிருந்த சுவரிலிருந்து. பஸ் கண்டக்டர்கள் பழையபடி கடிகாரம் பார்த்தார்கள். நர்சம்மா மட்டும், அந்தச் சத்தம் இருந்தபோது வேலை சுலபமாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சீனிராஜுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மனைவி குருலட்சுமி, ஐந்து மாதப் பெண் குழந்தை. அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் உடம்பு தனியாக ஒரு வேலை செய்ய ஆரம்பித்தது. சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் அது இடதுபக்கம் கையை நீட்டிக்கொண்டு விழுந்தது. சோற்றில் கை வைத்திருந்தாலும் விழுந்தான், குளித்துக்கொண்டிருந்தாலும் விழுந்தான், படுத்திருந்தாலும் பாயிலிருந்து எழும்பி விழுந்தான். வீட்டை விட்டு வெளியே போனால் சத்தம் அவனோடு போனது, அவனுக்கு மட்டும் கேட்டது, கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு நின்றவன் தராசுக்கு முன்னால் பாய்ந்து விழுவான், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மிச்சக் காயை வாங்குவான். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். அவன் இடதுபக்கத்தில் நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவெட்டுகிற மாடசாமி இரண்டு சத்தத்துக்கு நடுவில் மட்டும் அவனுக்குக் கத்தி வைத்தான்.

"விழப்போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுமய்யா," என்பான் மாடசாமி.

"எனக்கே பிறகுதான தெரியுது," என்பான் சீனிராஜ்.

தூக்கம் இல்லாத கோல்கீப்பர் அடுத்த நான்கு ஆட்டங்களிலும் சேர்த்துப் பதினேழு கோல் விட்டான். என் நோட்டீஸில் கேட்ட கேள்விக்கு அவனே பதில் சொல்கிற மாதிரி ஆயிற்று. இன்னும் ஆறு ஆட்டம் மிச்சம், அதற்குள் கடைசி இடத்திலிருந்து ஏறாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதலாளி அறிவித்தார்.

ஊருக்கு ஒரே பெயரை ரொம்ப நாள் மெல்ல முடியாது. நடுவில் பெலிக்ஸ் மாஸ்டர் பேரில் பழி திரும்பியது, சத்தமும் மாறி மாஸ்டர் வீட்டுக்குப் போனது, அந்த ஒன்பது நாளும் சீனிராஜ் தூங்கினான், அணி ஒரு ஆட்டத்தில் சமன் செய்தது. மாஸ்டர் பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். சத்தம் பஸ் நிலையம் வரை அவரை வழியனுப்பிவிட்டு, இடம் தெரிந்த மாடு மாதிரி பூசாரித் தெருவுக்கே திரும்பி வந்தது. புல்லின் நீல நிறம் ஆகாது என்றார்கள், மைதானத்துக்கு அடியில் பழைய இடுகாடு என்றார்கள். சத்தம் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அதற்கு ஒரு ஆளின் பெயர் வேண்டும், பாதி ஊருக்கு மேல் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் சரியான பெயர் ஒன்று இருக்கிறது என்று நான் கிளம்பினேன். ஆடுங்கள் என்று சொன்ன வாய் யாருடையது என்று நோட்டீஸ் போட்டேன். எழுநூறு பேர் ஊர்வலமாக முதலாளி பங்களாவுக்கு நடந்தோம். சத்தமும் பின்னாலேயே வந்தது, பங்களா கேட் வரைக்கும் வந்தது, நான் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கேட்டில் கம்பெனி மேனேஜர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டு வைத்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மிரட்டவில்லை. நான் கோஷம் போட்டேன். பதில் கோஷம் வர வேண்டிய இடத்தில் எழுநூறு பேர் இருமினார்கள். சத்தம் கேட்டுக்கு வெளியே ஒரு முறை டொப் என்று நின்று, உள்ளே போக வழியில்லாமல் எங்களைக் கடந்து திரும்பிப் போனது. அது என் தோளை உரசிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒரு தொழிலாளியின் பெயரை ஊரே சொல்லும், ஒரு முதலாளியின் பெயருக்கு ஊருக்கே தொண்டை கட்டும்.

அதற்கு மறுவாரம், பதினொரு மணி வெயிலில், குருலட்சுமி சங்க ஆபீசுக்கு வந்தாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி என் மேஜைமேல், நோட்டீஸ் கட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உக்காரு தாயி," என்றேன்.

"நிக்கேன். இதைப் பாருங்க."

பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தது. பிறகு முகம் இறுகி, இடது கையை விரலெல்லாம் விரித்து மேலே தூக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. குருலட்சுமி தயாராக நின்று பிடித்துக்கொண்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்குக் கேட்டிருக்கிறது.

"போன வாரம் வரைக்கும் வீட்டுக்குள்ள மட்டும்தான் தூக்குச்சு," என்றாள். "இப்ப எங்க போனாலும் தூக்குது. அவருக்கு மாதிரியே இதுக்கும் கூடவே வருது. எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு பஸ்ல ஏறினேன். பஸ்ல விழுந்துச்சு."

நோட்டீஸ் கட்டைக் குழந்தையின் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தேன்.

"பல்லு முளைக்கல, தவழல. இதைத்தான் முதல்ல படிச்சிருக்கு. நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுவீகள்ல."

அவள் போன பிறகு சீனிராஜைத் தேடிப் போனேன். மைதானத்தின் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கால் பேடைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். கண்கள் குழிக்குள் போயிருந்தன. அன்றைக்குப் புல் காய்ந்து கிடந்தது, பந்து எழும்பியது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அந்த நோட்டீஸை எழுதினேன் என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி," என்றான்.

"தெரிஞ்சா ஏன்டா வாயத் திறக்கல?"

"எங்க வீட்டுக்காரி மறியல்ல முதல் வரிசையில உக்காந்திருந்தா, பிள்ளையோட. அன்னைக்கு எங்க வீட்டுக்கு ரெண்டு குடம் வந்துச்சு. புல்லு காய்ஞ்சு கிடந்துச்சுன்னு நான் வாயத் திறந்தா ஊரு யாரை அடிக்கும்?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கம் விழுந்தான். எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணை ஊதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "நீங்க போட்ட கணக்கத்தான் நானும் போட்டேன். ஆனா ஆளு நானாயிருந்தேன், அவ்வளவுதான்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் வாதாடித் தப்பித்திருப்பேன்.

அன்றைக்கே எனக்கு எதிராக நான் ஒரு போராட்டத்தை அறிவித்தேன். குற்றவாளி இருளப்பனே என்று நோட்டீஸ் எழுதி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகம் வைத்திருக்கும் தாசன் இரண்டு முறை படித்தான்.

"பேரு மாறிப் போச்சோ?" என்றான்.

"மாறல. அடி."

"இருபது வருஷமா உமக்கு அடிக்கேன். முத தடவையா ஒரு நோட்டீஸ் படிச்சுச் சிரிப்பு வருதுவே."

அடித்துக் கொடுத்தான். கம்பெனி வாசலில் வேலை விடும் நேரத்துக்குக் கூட்டம் போட்டேன். நல்ல கூட்டம், நான் பார்த்ததிலேயே நல்ல கூட்டங்களில் ஒன்று. பந்து எழும்பியதைச் சொன்னேன், நோட்டீஸ் எழுதிய கால் மணி நேரத்தைச் சொன்னேன், ஒரு நிரபராதியின் வீட்டுக்குச் சத்தத்தை அனுப்பியவன் நான், என் பெயரைச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில், தோழர் இருளப்பன் வாழ்க என்று சொன்னார்கள். கை தட்டினார்கள். தோழர் ஏதோ திட்டத்தோடு பேசுகிறார், முதலாளியை மடக்கப் போகிறார் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒழிக சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், மைக் செட்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் வந்தான்.

சுப்புத்தாய் மட்டும் போகாமல் நின்றாள். நானும் அவளும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே பட்டறையில் குச்சி அடுக்கியவர்கள்.

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "உன்னால தோத்துச்சுன்னா லாரிய மறிச்சதால தோத்துச்சுன்னு அர்த்தம். அப்ப நாங்க தண்ணி கேட்டது தப்பாயிரும். என் வாயால அதைச் சொல்லவா?"

"மறிச்சது தப்புன்னு நான் சொல்லல சுப்பு. சீனிராஜ் பேரை எழுதினதுதான்."

"அதெல்லாம் உனக்குத்தான் தனித்தனியாத் தெரியும். ஊரு பிரிச்சுப் பார்க்காது. நீதான அப்படிப் பழக்கி வச்சிருக்க."

பன்னிரண்டு நாள் கெடு முடிந்து புதன்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. பூசாரித் தெருக் குழாயடியில் முந்நூறு குடம் வரிசையில் இருந்தது. குருலட்சுமி குழந்தையோடு நின்றாள், இரண்டு ஆள் தள்ளி சீனிராஜ் நின்றான், அவன் இடதுபக்கத்தை வழக்கம்போல் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் முறை வந்து குடத்தை வைத்ததும், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற அளவில் சொன்னாள்.

"நான் லாரிய மறிச்சேன். நான் ரெண்டு குடம் எடுத்தேன். புல்லு காய்ஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு. குருலட்சுமி."

தன் பெயரைத் தானே, ரேஷன் கடையில் சொல்கிற மாதிரி கடைசியில் சொன்னாள். சத்தம் வரவேண்டிய நேரம் வந்தது. சீனிராஜ் விழவில்லை. கையை நீட்டினான், நீட்டிய கை பாதியில் நின்றது, அவன் அதை யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான். குருலட்சுமியின் தோள் ஒரு முறை துள்ளி அடங்கியது. ஒரு டீ நேரம் கழித்து அடுத்த சத்தம் அவனிடம்தான் வந்தது, விழுந்தான். ஆனால் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் நடுவில் நடந்ததைப் பார்த்துவிட்டார்கள், தானே முன்வந்து சொன்ன பெயருக்கும் அது ஒரு பங்கு போகும் என்பதை.

வரிசை கொஞ்ச நேரம் நகரவில்லை. தண்ணீர் நிறைந்து வழிந்தது. சுப்புத்தாய் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, வழிகிற குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

"மறிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "மறிச்சேன்னு சொல்லுதேன். அஞ்சு குடம். சுப்புத்தாய். எங்க வீட்லயும் ஒண்ணு தட்டிட்டுப் போகட்டும், அந்த ஆளு கொஞ்சம் தூங்கட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் குடத்தை வைக்கும்போது குடக் கணக்கையும் பெயரையும் சொன்னாள். கட்டளை இல்லை, கோஷம் இல்லை, முன்னால் நின்று நடத்த ஆள் இல்லை. சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒருத்தி மூணு குடம் என்றபோது பின்னால் நின்றவள் "பொய் சொல்லாதடி, நாலு" என்று திருத்தினாள். சுப்புத்தாயின் கொழுந்தனும் வந்தான், நான் மறியலுக்கு வரல, ஆனா குடத்தை எத்தினேன், அதையும் சேத்துக்கிடுங்க என்று முனகினான். முந்நூறு பெயர் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. சத்தம் அத்தனையாக உடைந்து, வீட்டுக்கு ஒரு துண்டாக முந்நூறு வீட்டுக்குப் போனது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும், பக்கத்து அறையில் யாரோ டப்பாவைக் கீழே வைத்த மாதிரி மெல்லக் கேட்கும். கேட்டதும் வீட்டில் உள்ளவர்கள் செய்கிற வேலையை நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்வார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் வரிசையின் கடைசியில் குடமில்லாமல் நின்றேன். என் முறை வந்தபோது சொன்னேன், தெளிவாகவே சொன்னேன், மறிக்கச் சொன்னவன், பொய் எழுதியவன், இருளப்பன். வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். என் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. குருலட்சுமியிடம் போய் ஏன் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா அது நோட்டீஸ் அண்ணாச்சி," என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்கிற குரல்.

இப்போது நான் மற்றவர்கள் வீட்டில் போய் உட்காருகிறேன். ஏதாவது சாக்குச் சொல்லி, மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லி, அன்றைய சத்தம் வரும் வரை உட்கார்ந்திருக்கிறேன். வருகிறபோது வீட்டுக்காரர்கள் நிமிர்கிறார்கள். எனக்கும் கேட்கிறது. அது அவர்களுடையது.

சீனிராஜ் அந்தப் புதன்கிழமை படுத்தவன் எழவில்லை. வெறும் தூக்கம்தான், நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, உடம்பு பழைய தூக்கத்தை எடுத்துக்கொள்கிறது, விடுங்கள் என்றார். குருலட்சுமி வாயில் கஞ்சியை ஊற்றினால் கண் திறக்காமல் விழுங்கினான். குழந்தை அவன் வயிற்றின்மேல் படுத்து மூச்சோடு ஏறி இறங்கியது. அந்த வாரத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் வேறொருவன் கோல் காத்தான், அணி தோற்றது, முதலாளி அணியைக் கலைத்து ஆட்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். சீனிராஜின் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். யார் காரணம் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. முதலாளியின் பங்களாவில் இன்று வரை நிசப்தம்.

இன்று, பதினாறாம் நாள், நான் ஒரு மனுவோடு போனேன். வேலையைத் திரும்பக் கேட்கிற மனு, நன்றாக வந்திருந்தது.

"கையெழுத்து வேணும் தாயி," என்றேன் வாசலில் நின்று.

"தூங்குதாரு."

"எழுப்பினா ஒரு நிமிஷம்."

குருலட்சுமி மனுவை வாங்கிப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "இதுக்கா வந்தீக?"

பொய் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "அவன் ஒரு தடவை என் பேரைச் சொல்லணும். இருளப்பன்தான் செஞ்சான்னு. பட்டவன் அவன், அவன் சொன்னா வரும்."

"அவர் உங்களை ஒரு நாளும் திட்டினதில்லையே," என்றாள். "திட்டச் சொல்லி எழுப்பவா?"

உள்ளே அவனுடைய மூச்சு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய துண்டுச் சத்தம் அந்த வீட்டுக்கு வந்தது. குழந்தை இடது கையைக் கொஞ்சம் தூக்கியது, பிறகு எதற்குத் தூக்கினோம் என்பதை மறந்த மாதிரி அதே கையால் தன் காதைப் பிடித்துக்கொண்டது. அவன் புரளவில்லை.

"நான் நிக்கேன்," என்றேன். "அவனா எந்திரிக்கட்டும்."

"உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, உள்ளே வெயில் படாமல் கதவைப் பாதி சாத்தினாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த நிழல் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. போகிறவர்கள் என்ன அண்ணாச்சி இங்க என்று கேட்டார்கள். ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நாளைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.